இதையும் வாசியுங்கள்

ஜொனிக்கு எழுத வரும். அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. பதுளை டவுனில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், செபப் புத்தகம் என்று பகல் முழுக்கக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவான். அறைக்குத் திரும்பியதும் தன் வலைப்பூவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். 'மூன்றாம் லயம்' என்று அதற்குப் பேர், அவன் பிறந்து வளர்ந்த தோட்டத்து வீட்டு வரிசையின் பேர்தான் அது. பதினைந்து வருசமாக எழுதுகிறான். தேயிலைத் தோட்டத்துத் தொரைமார், தொழிற்சங்கத்துத் தலைவர்மார், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என்று ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் யாராவது வாசித்துவிட்டு 'சபாஷ்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவாது. கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை. ஏனென்று கேட்டால் நேரமில்லை என்பான், என்னவோ நாட்டை ஆள்கிறவன் மாதிரி.

அவனுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு அக்கா. இருதயம்மா. அவனைவிட ஏழு வயது மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரி விட்டதும் அவள்தான், அவனை டவுனுக்குப் படிக்க அனுப்பிவிட்டுக் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டதும் அவள்தான். பூனாகலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தில் அவளுடைய வீடு. தோட்டத்தின் பேர் இங்கே வேண்டாம், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அவள் புருசன் யேசுரத்தினம் அந்தத் தோட்டத்து லொறியை இருபத்தாறு வருசம் ஓட்டியவர். போன ஐப்பசியில் ஒரு நாள், காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு இருதயம்மா தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"தம்பி, அவரு பேரு சம்பளச் சீட்டத் தவிர வேற எங்கயும் எழுதுனதில்ல. நீ ஊரு ஒலகத்தப் பத்தியெல்லாம் எழுதுற. ஒன் மச்சானப் பத்தி ஒண்ணு எழுது. முப்பத்தோராம் நாள் செபத்துல வாசிக்கணும். நாலு பேரு கேக்கட்டும், இப்பிடி ஒரு மனுசன் இருந்தாருன்னு."

அதற்கு முன்னால் அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு சேலைகூடக் கேட்டதில்லை. ஜொனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாவே எழுதுகிறேன் என்று சொன்னான். சொன்னபடி எழுதவும் செய்தான். யேசுரத்தினத்துக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். லொறிக் கதவில் சிக்கிப் போனது. அந்தப் பாதி விரலையும் சேர்த்து ஸ்டியரிங்கைப் பிடித்து, பனிமூட்டத்தில் எதிரே ஒன்றும் தெரியாத வளைவுகளில் ஹோனை விடாமல் அமுக்கிக்கொண்டு அவர் இறங்குகிறதையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொரைக்குத் தெரியாமல் ஏற்றி இறக்குகிறதையும் அப்படியே கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். எழுதும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை. மச்சான்மேல் அவனுக்குப் பிரியம்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அக்கா 'நாலு பேரு கேக்கட்டும்' என்றாள் அல்லவா, ஜொனிக்கு நாலு பேர் போதவில்லை.

அச்சகத்துக்கு அடுத்த கடையில் போன் திருத்துகிற பர்ஹானிடம் போய் யோசனை கேட்டான். பர்ஹான் கெட்டிக்காரப் பையன், வாயும் கொஞ்சம் கூட. வருகிறவன் ஒன்றை வாசித்துவிட்டு ஓடிவிடுகிறான், அவனைப் பிடித்துவைக்க உங்களிடம் ஒன்றுமில்லையே அண்ணன் என்று சிரித்தான். இரண்டு சாமான் பூட்டச் சொன்னான். ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஐந்து நட்சத்திரம். பிடித்திருந்தால் வாசிக்கிறவர்கள் தட்டுவார்கள், எத்தனை பேர் தட்டினார்கள் என்று பக்கத்தில் கணக்குக் காட்டும். மற்றது, அதற்கும் கீழே ஒரு பெட்டி. வாசித்து முடித்தவனுக்கு அதே சங்கதியில் வேறு பதிவுகளை எடுத்து நீட்டும். எதை எடுத்து நீட்டும், அதற்கு எப்படித் தெரியும் என்று ஜொனி கேட்டான்.

"மிஷினுக்கு நீங்க யாரு எவருண்டு தெரியுமா அண்ணன்? நீங்க ஒவ்வொரு பதிவுக்கும் 'சங்கம்', 'தொரை'ண்டு ஒத்தச் சொல்லுல தலைப்புச் சீட்டு ஒட்டுறீங்களே, அதப் பாக்கும். அதே சீட்டு உள்ளதுல எதுக்குக் கூட நட்சத்திரம் விழுந்திருக்கோ, அத மேல தூக்கிப் போடும். அவ்வளவுதான்."

அரை மணி நேரத்தில் பர்ஹான் இரண்டையும் பூட்டிக் கொடுத்துவிட்டான். பெட்டிக்கு மேலே என்ன எழுதுகிறது என்று கேட்டதற்கு, ஜொனி 'இதையும் வாசியுங்கள்' என்று போடச் சொன்னான். நிறம் சிவப்பு. ஏன் சிவப்பென்று அவனே யோசிக்கவில்லை. கைப்பழக்கம். அவன் பக்கம் கட்டுகிற செபப் புத்தகங்களில் செபம் கறுப்பில் இருக்கும். 'எழுந்து நிற்கவும்', 'முழந்தாளிடவும்', 'குடும்பத்தார் வாசிக்கவும்' என்று செய்ய வேண்டியதெல்லாம் சிவப்பில் இருக்கும். பதினெட்டு வருசமாக அதே வேலை.

பிறகு பழைய வாசகர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினான், உங்களுக்குப் பிடித்த பதிவுகளுக்கு நட்சத்திரம் போடுங்கள் என்று. போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு பதிவு மட்டும் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போயிற்று. நூற்று நாற்பது பேர், ஏறக்குறைய எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. பேர் 'லொறி ஓட்டிய கருங்காலி'. அதைப் பார்த்தபோது ஜொனிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இல்லாமலா இருக்கும்?

அது பதின்மூன்று வருசத்துக்கு முந்தியது. ஒரு நாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையைத் தொரை இரண்டு கிலோ கூட்டிவிட்டார் என்று மச்சானின் தோட்டம் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு சாக்குத் தேயிலையும் வெளியே போகக் கூடாது என்று எல்லாரும் கை தூக்கினார்கள். யேசுரத்தினமும் தூக்கினார். ஏழாம் நாள் விடியற்காலையில் அவரே லொறி நிறையத் தேயிலையை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். யாரோ பதுளைக்குப் போன் அடித்து ஜொனியிடம் அதைச் சொன்னார்கள். ஏன் எதற்கென்று விசாரிக்க இவனுக்குப் பொறுமை ஏது? வெட்கமும் ஆத்திரமுமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதித் தள்ளினான். பேர் மட்டும் போடவில்லை.

பதிவு போட்ட மூன்றாம் நாள், இருதயம்மா பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று செய்தி வந்து ஓடினான். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, நடுச்சாமத்தில் இரத்தம் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. தோட்டத்தில் வேறு வாகனம் இல்லை. யேசுரத்தினம் பங்களாவுக்கு ஓடி லொறிச் சாவியைக் கேட்டார். தேயிலையோடு போகிறதென்றால் போ, வெறும் லொறி போகாது என்றார் தொரை. மனுசன் பின்னால் தேயிலையையும் முன்சீட்டில் பெண்சாதியையும் வைத்துக்கொண்டு போனார். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, ஆண் பிள்ளை. இதையெல்லாம் அக்காவே கட்டிலில் கிடந்தபடி தம்பியிடம் சொன்னாள். தோட்டத்துச் சனமும் விசயம் தெரிந்த பிறகு யேசுரத்தினத்தை ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றைக்கு ஜொனி அறைக்குத் திரும்பி அந்தப் பதிவைத் திறந்தான், அழித்துவிடத்தான் திறந்தான். கீழே அறுபத்துச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். 'இதுதான் எழுத்து' என்று ஒருவர். 'செருப்படி' என்று ஒருவர். சென்னையில் இருந்து ஒருவர் தங்கள் பத்திரிகையில் போட அனுமதி கேட்டிருந்தார். அவ்வளவு பேர் அதற்கு முன்னால் அவனை வாசித்ததில்லை. பேர்தான் போடவில்லையே, நம்முடைய ஆட்கள் கையில் இன்டர்நெட் எங்கே இருக்கிறது என்று நினைத்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று மூடினான். அந்த நாளை பதின்மூன்று வருசமாக வரவில்லை. புதுப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அதுவும் அடியில் போய்விட்டது. இப்போது நட்சத்திரத்தோடு மேலே வந்து நின்றபோதும், முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்றுதான் தள்ளிப்போட்டான். மச்சானைப் பற்றிய பதிவை ஏற்றும்போது தலைப்புச் சீட்டில் 'லொறி' என்று அடித்தான். அந்தப் பழைய பதிவிலும் அதே சீட்டுதான். பாவி, அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா?

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. மூன்று மணிக்குச் செபம். வீட்டுக்குள் பெண்கள் பாயிலும், வாசலில் கட்டிய தரப்பாள் பந்தலுக்குக் கீழே ஆண்கள் வாங்குப் பலகையிலுமாக ஐம்பது அறுபது பேர். கோயில் உபதேசியார் செபமாலையை முடித்துவிட்டு, இப்போது குடும்பத்தார் சார்பில் வாசிப்பு என்றார். இருதயம்மாவின் ஒரே மகள் ஜெசீகா எழுந்தாள். இருபத்தொரு வயது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற சின்னப்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசையில் முதல் வாசகம் அவளுடையதுதான். தாளில் அடித்துத் தாங்க மாமா என்று அவள் கேட்டிருந்தாள். போனிலேயே வாசி, கடைசியில் நட்சத்திரம் வரும், எல்லாரையும் தட்டச் சொல்ல வேண்டும் என்று இவன்தான் பிடிவாதமாக நின்றான்.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளை அழகாக வாசித்தாள். பாதி விரல் என்று வந்த இடத்தில் கிழவர்கள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன இடத்தில், தானும் அந்த லொறியில் போனவள்தான் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி விசும்பினாள். இருதயம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. வாசலில் நின்ற ஜொனி அதைப் பார்த்தான், மனசு நிறைந்துபோனது.

பதிவு முடிந்தது. ஜெசீகா விரலால் திரையை மேலே தள்ளினாள். நட்சத்திரம் வந்தது. அதற்குக் கீழே சிவப்பில் 'இதையும் வாசியுங்கள்' என்று வந்தது. கோயிலில் வாசிக்கிற பிள்ளை, சிவப்பில் என்ன இருக்கிறதோ அதைச் செய்து பழகியவள். மாமா இரண்டாவதாக ஒன்றும் ஒழுங்கு பண்ணியிருக்கிறார் என்று நினைத்துத் தட்டினாள். தலைப்பு அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் 'லொறி' என்று இருந்ததால், அப்பாவை முதலில் தப்பாக நினைத்தவர்கள் பிறகு திருந்திய கதையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, அதே கணீரென்ற குரலில் தொடங்கினாள்.

"லொறி ஓட்டிய கருங்காலி. ஏழு நாள் பட்டினி கிடந்த சனத்தின் வயிற்றின்மேல் ஒருவன் லொறியை ஏற்றியிருக்கிறான். இடது கையில் பாதி விரல் இல்லாத அவனை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ஜொனிக்குத் தன் வாக்கியமே முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் உள்ளே பாயப் பார்த்தான். அவனுக்கும் ஜெசீகாவுக்கும் நடுவில் பாயில் இருபது பெண்கள். வாசலில் நின்றபடியே, "ஜெசி, அது வேணாம். நிப்பாட்டு" என்றான். உபதேசியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாசிப்பின் நடுவே பேசக் கூடாது என்று கையைக் காட்டினார். ஜெசீகா நிறுத்திவிட்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. இருதயம்மா கண்ணைத் திறந்தாள்.

"நிப்பாட்டாத. முழுசா வாசி."

ஜெசீகா தாயைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. சின்னப் பதிவுதான், நாலு நிமிசம்கூட இல்லை. கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: 'இவன் வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளைகூட இவனை அப்பா என்று கூப்பிட வெட்கப்படும்.' அந்த வரியை வாசித்ததும் பெண்களில் ஒருத்தி, ஐயோ மாதாவே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளையைக் கடதாசிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து மேட்டு மயானத்தில் புதைத்தபோது கூட நின்றவள் அவள்.

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஜொனிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உபதேசியார் அவசரமாக ஒரு பரலோக மந்திரத்தைச் சொல்லி முடித்தார். தேத்தண்ணீரைக் குடித்தும் குடிக்காமலும் சனம் எழும்பிப் போயிற்று. போகிறவர்கள் இருதயம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஜொனியை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குசினியில் அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பின்னால் நின்றான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அது என்னைக்கு எழுதுனது?"

"லொறி போன அன்னைக்கே. விசயம் தெரியாம எழுதிட்டேன் அக்கா."

"சரி. தெரியாம எழுதிட்ட. மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்கு வந்தியே. கட்டில்ல கெடந்துக்கிட்டு நான்தான எல்லாத்தயும் சொன்னேன். புள்ளயப் பொதச்சிட்டு வந்து அவரு வெளிய வெறிச்சிக்கிட்டு நின்னாரு. நீதான அவருக்கு டீ வாங்கிக் குடுத்த."

"ஆமா."

"பொறகு ஏன் எடுக்கல?"

மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் சொன்னான். அவள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது பார்க்கிற பார்வை. அவனால் தாங்க முடியவில்லை.

"நெறய பேரு வாசிச்சாங்க அக்கா."

இருதயம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஜெசீகா போனோடு வாசற்படியில் வந்து நின்று அழுதாள், எனக்குத் தெரியாதும்மா, வாசிக்கச் சொல்லிப் போட்டிருந்துச்சும்மா என்று. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், இது ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை, இப்போது எப்படி வந்ததென்று தெரியவில்லை என்றாள். எப்படி வந்தது என்று ஜொனிக்குத் தெரியும். அவன் தன் போனை எடுத்து, இந்த நிமிசமே அழித்துவிடுகிறேன் என்றான். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாக விழுந்தது.

"அத ஏன் அழிக்கிற? அதுதான் ஒனக்கு நல்லா வந்தது. எல்லாருக்கும் புடிச்சது." அக்காவின் குரலில் கோபமே இல்லை. "இன்னைக்கு மொதல்ல வாசிச்சமே, அவரப் பத்தி, அத எடுத்துரு."

"அக்கா, அது மச்சானுக்காக எழுதுனது. நீதான கேட்ட."

"ஆமா, நாங் கேட்டு எழுதுனது. மத்தது நீயா எழுதுனது. அதத்தான நீ பதிமூணு வருசமா வச்சிருந்த. எடுத்துரு தம்பி. எம் புருசன் பேரு அதுக்குப் பக்கத்துல இருக்க வேணாம்."

அவன் கெஞ்சினான். வேறொன்று எழுதுகிறேன், நடந்ததையெல்லாம் எழுதுகிறேன், என் பேரையும் போட்டு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றான். அவள் அடுப்பில் கிடந்த விறகை இழுத்து அணைத்தாள். எங்கள் வீட்டைப் பற்றி இனி ஒன்றும் எழுத வேண்டாம், நல்லதும் வேண்டாம் என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க அவன் அழித்தான். நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று தட்டினான். ஜெசீகாவின் போனில் திறந்து பார்த்து, போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அக்கா உள்ளறைக்குப் போனாள்.

பதுளைக்குத் திரும்புகிற வழியில், பண்டாரவளைக்கு இறங்குகிற பஸ்ஸில் மற்றதையும் அழித்தான். நூற்று நாற்பது பேர் போட்ட நட்சத்திரமும் ஒரு தட்டில் போயின. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அழித்துவிட்டேன் என்று சொன்னால் கேட்க யாருமில்லை. அடுத்த வாரம் பர்ஹான் வந்து, எப்படி அண்ணன், சாமான் வேலை செய்கிறதா என்று கேட்டான். செய்கிறது என்றான் ஜொனி.

அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. ஞாயிறு தவறாமல் அக்காவுக்குப் போன் அடித்தான். ஒவ்வொரு தடவையும் ஜெசீகாதான் எடுத்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, அம்மா கடைக்குப் போயிருக்காங்க, அம்மா தூங்குறாங்க. இருக்கும், மனுசருக்கு வேலை இருக்காதா என்று அவனும் வைத்துக்கொண்டான்.

இயேசு பிறந்த நத்தார் அன்றைக்குக் காலைப் பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தான். வேறு வருசமாக இருந்தால் முதல் நாளே கேக்கும் பட்டாசும் வாங்கிக்கொண்டு அங்கே போயிருப்பான். இந்த முறை, வரலாமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவோம் என்று பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தான். ஜெசீகா எடுத்தாள். அவன் நத்தார் வாழ்த்துச் சொன்னான், அவளும் சொன்னாள். அம்மாவிடம் கொடு என்றான்.

"அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்காங்க மாமா."

நத்தார் அன்றைக்கு எந்தத் தோட்டத்திலும் மலைக்கு ஆள் விடுவதில்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சரி ஜெசி," என்றான். "வந்ததும் நான் போன் அடிச்சேன்னு சொல்லு."